இமைக்குள் தேடிய சிவப்பு

என் உயிரான வள்ளி அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஆவணியோடு இரண்டு வருஷம். நம் பருப்புக் கடையை உங்கள் தங்கச்சி பேச்சியம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். வள்ளி ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நல்ல சேதி இவ்வளவுதான். மற்றதைச் சொல்லப் பயமாக இருக்கிறது.

நீங்கள் விழுங்கிய அதே எய்ட்ஸ் மாத்திரையை மூன்று மாதமாக நானும் விழுங்குகிறேன். மதுரை டாக்டர் உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார். "இது கிருமிய அடக்கும்மா. ஆனா எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடத்தையும் காய வச்சிரும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ரத்தம் பாத்தாகணும். கொறைஞ்சா மாத்திரைய கொறைக்கலாம், ரத்தம் ஏத்தலாம். பாக்காம விட்டாத்தான் ஆபத்து."

ரத்தம் ஏற்றுவது என்றாலே நீங்கள் நடுங்குவீர்கள். பந்தல்குடி ரோட்டில் லாரி இடித்துக் கிடந்தபோது ஏற்றிய ரத்தத்தில்தானே இந்த நோயே வந்தது? அப்போதெல்லாம் யார் சோதித்து ஏற்றினார்கள்? குறைந்தால் ஏற்றிவிடுவார்கள் என்று பரிசோதனைக்கே வரமாட்டேன் என்றீர்கள். ரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் என் முன்னால் உட்கார்ந்து கீழிமையை இழுத்துக் காட்டுவீர்கள்.

"செவப்பா இருக்கா?"

"செவப்பாத்தாங்க இருக்கு."

முதலில் சிவப்பாகத்தான் இருந்தது. பிறகு வெளுத்துக்கொண்டே வந்தது. ஆட்டு ஈரலும் நல்லியெலும்புச் சூப்பும் கொடுத்தால் ஊறிவிடும் என்று நம்பினேன். உங்கள் முகம் வாடுமே என்று சிவப்பு என்றே சொல்லிவந்தேன். வாசல்படி ஏற மூச்சு வாங்கிய அன்றும் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இருந்திருப்பீர்களா? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

நானும் கடைசி இரண்டு பரிசோதனைக்குப் போகவில்லை. இப்போது சோதித்துத்தான் ஏற்றுகிறார்கள். தெரிந்தும் கால் நகரவில்லை. கண்ணாடி முன் நின்று இமையை இழுத்து, எனக்கு நானே சிவப்பு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை குடத்தைத் தூக்கும்போது கண் இருட்டிவிட்டது. பேச்சியம்மா என்னை உட்காரவைத்து இமையை இழுத்துப் பார்த்தாள். "செவப்பாத்தான இருக்கு?" என்றேன்.

"இல்ல மதினி. வெள்ளையா இருக்கு. சேலைய மாத்துங்க, மதுர பஸ்ஸப் பிடிப்போம்."

முதலில் அவள்மேல் கோபம்தான் வந்தது. அந்தச் சொல்லை நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

காரியாபட்டி தாண்டி, ஓடும் பஸ்ஸில் எழுதுகிறேன். பேச்சியம்மா பக்கத்தில் இருக்கிறாள். ஊசிக்குக் கையை நீட்டுவேன். ரத்தம் ஏற்றச் சொன்னால் அதற்கும் நீட்டுவேன். எப்படி இருக்கிறது என்று வள்ளி கேட்டால் உள்ளதைச் சொல்வேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்களிடம் பொய் சொன்ன மனைவி,
வள்ளி அம்மா