இரண்டா, இரண்டரையா

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது, கேட்டதும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் லாரிக்கார அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேலையில் மூழ்கிவிட்டான் என்று வாய் கூசாமல் பொய் சொல்கிறேன்.

நீ கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சந்தை முனையில் உன் கூட்டாளி கேட்லாக்கின் தம்பியை ஒரு சாம்பல் நிறக் கார் இடித்து, ஸ்கூட்டரோடு இழுத்துக்கொண்டே போய்ப் போட்டுவிட்டு நிற்காமல் ஓடியது. அவன் பிழைக்கவில்லை. முகத்தை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தெரிந்துகொள்.

உங்கள் கார்ப் பைத்தியக் கூட்டத்தின் பேச்சு எனக்கு எப்போதும் சிரிப்புதான். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு யோசித்துப் பெயர் வைக்க மாட்டீர்கள். முதலில் வந்த மாடல் 'ஒன்று'. அடியோடு மாற்றி வந்தது 'இரண்டு'. உடம்பை அப்படியே வைத்து மூஞ்சியையும் பின் விளக்கையும் மட்டும் மாற்றினால் 'இரண்டரை'. இரண்டரையை யாராவது மூன்று என்று சொல்லிவிட்டால், எல்லா மாடலும் மனப்பாடம் என்று கேட்லாக் என்றே பெயர் வாங்கியவன் சண்டைக்கே வந்துவிடுவான். அந்தப் பேச்சைக் கேட்டு இனி எனக்குச் சிரிப்பு வராது.

மருந்துக்கடை கேமராவில் ஓடும் காரின் பின்பக்கம் மட்டும் விழுந்திருக்கிறது. நம்பர் தெரியவில்லை. கேட்லாக் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னான்: "வட்ட விளக்கு. இது ரெண்டு. ரெண்டரைக்கு நீள விளக்கு." அவன் சொன்னால் உங்கள் கூட்டத்தில் யார் எதிர்த்துப் பேசுவது? போலீஸ்காரரும் தலையாட்டினார். கேட்லாக் நம் கார்ப் பட்டறைக்கும் வந்து, சாம்பல் நிற இரண்டு ஏதாவது அடிபட்டு வந்ததா என்று விசாரித்தான். உன் வண்டி எதிரிலேயே நின்றது. பானெட்டைத் தட்டிப் பார்த்து, "இது ரெண்டரை, விடுங்கக்கா" என்று போய்விட்டான். எனக்கும் அப்போது எதுவும் தெரியாது.

ஊரறிய சாம்பல் நிற இரண்டு வைத்திருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்தான். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தவரை நம் பட்டறைக்கு எதிரில் கேட்லாக்கும் உங்கள் கூட்டமும் மறித்தார்கள். முடியைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டார்கள். வீல் ஸ்பேனரால் முதல் அடி முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கவிழ்ந்து படுத்ததும் முதுகில் ஏறி மிதித்தார்கள். புரட்டிப் போட்டு முகத்தில் அடித்தார்கள். கண்ணாடி நொறுங்கிக் கண்ணுக்குள்ளேயே போய்விட்டது. மகள் காருக்குள் அலற அலற ஜாக்கிக் கம்பியால் கார்க் கண்ணாடிகளை உடைத்தார்கள். நான் ஓடிப்போய் கேட்லாக்கின் கையைப் பிடித்துத் தொங்கினேன். பம்பரில் ஒரு கீறல்கூட இல்லையேடா பாவி என்று கத்தினேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "மாத்தியிருப்பான்க்கா. ரெண்டுக்கு பம்பர் எங்கயும் கிடைக்கும்" என்றான். சொல்லிவிட்டு என்னை உதறித் தள்ளி மறுபடி அடித்தான். அந்தப் பெண் குழந்தையின் தலையிலிருந்து கண்ணாடித் தூளைப் பொறுக்கி எடுத்தது நான்தான்.

அவருக்கு ஒரு கண் போய்விட்டது. வழக்கும் அவர் பெயரில்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் உயிரோடு விடமாட்டோம் என்று அவர் மனைவியிடமே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பம்பர் மாற்றியிருப்பான் என்று அவன் சொன்னது என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பட்டறைக்குப் பின்னால் போனேன். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று சொல்லி உன் மாமாவை அவசர அவசரமாக மாற்றச் சொன்னாயே, அந்தப் பழைய பம்பரைக் குப்பையிலிருந்து இழுத்துப் பார்த்தேன். நீலப் பெயின்ட் அப்பியிருக்கிறது. ஸ்கூட்டர் நீலம். இடுக்கில் முடி, காய்ந்த ரத்தம். ஏன்டா, நீலப் பெயின்ட் அடித்த நாயா? பெயின்ட் அடித்துப் பிழைக்கிறவளிடமா இந்தக் கதையை விட்டாய்?

உன் வண்டியும் சாம்பல் நிற இரண்டுதான். மூஞ்சியை மட்டும் இரண்டரையாக்கிவிட்டு, பின் விளக்கும் மாறிய பிறகுதான் கூட்டத்துக்குக் காட்டுவேன் என்று வாங்கிய நாளிலிருந்து துணி போட்டு மூடி வைத்திருந்தாய். பின்னால் பழைய வட்ட விளக்கோடேயே, சும்மா ஒரு சுற்று என்று அன்றைக்கு எடுத்துப் போனாய். திரும்பி வந்ததும் நீள விளக்கைப் போட்டே ஆகவேண்டும் என்று மாமாவின் உயிரை எடுத்தாய். அவரும் அப்பாவியாகப் போட்டுக் கொடுத்தார். நேற்று விஷயத்தைச் சொன்னதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வண்டியைக் கழற்றித் துண்டு துண்டாக விற்கச் சொல்லி நண்பனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். ஒரு ஆணியைக்கூடக் கழற்ற மாட்டேன்.

உன்மேல் ஆத்திரம் பொங்குகிறது. நேரில் இருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். அதைவிடப் பயம்தான் அதிகம். அவர் ஒன்றும் செய்யாதவர், அவருக்கே இந்தக் கதி. நீ அகப்பட்டால் எனக்கு அள்ளிப் போட என்னடா மிஞ்சும்?

அதனால் சொல்வதைக் கேள். ஊருக்கு வராதே. கடிதம் கைக்கு வந்ததும் நீ இருக்கும் இடத்திலேயே காவல் நிலையத்துக்குப் போய், இடித்தது நான்தான் என்று சொல்லி உட்கார். இது புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும், உனக்கு ஒரு நாள் தருகிறேன். வியாழக்கிழமை காலை வண்டியை நானே இங்குள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போவேன். பழைய விளக்கையும் பம்பரையும் பின் சீட்டில் ஏற்றியாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. என்னைத் தாராளமாகத் திட்டு, ஆயுசு முழுக்கத் திட்டு. திட்டுவதற்கு நீ உயிரோடு இருந்தால் போதும்.

உன் அக்கா