ஸ்டெல்லாவின் திங்கட்கிழமை நகல்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். பெய்து தொலைக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. குடையை ஆட்டோவில் விட்டுவிட்டேன். வீட்டில் வனிதாவிடம் சொல்லப் போவதில்லை, அவளாகக் கண்டுபிடிக்கட்டும்.

ஆபீசில் உட்கார்ந்ததும் டிக்கெட் வரிசை, அதாவது ஆளாளுக்கு எனக்கு அனுப்பும் கோரிக்கைகள். எல்லாம் ஒரே பாட்டு: அழித்துத் தரவும், அழித்துத் தரவும்.

- கன்னடப் பாடக் குழு: போன மாதத்து நகல்கள். காரணம்: இடம் இல்லை.
- எடிட்டிங் பையன்: சோதனைக்குப் போட்டது. காரணம்: சும்மா. (‘சும்மா’ என்று எழுதினால் மேனேஜர் கிரீஷ் திருப்பி அனுப்புவார். அனுப்பினார்.)
- உருதுக் குழு: தப்பான பெயரில் உருவாக்கியது. காரணம்: கை தவறி.

மதியம் வரை இதே. சாப்பிடப் போனபோதும் போன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் பதிவு செய்யும் கம்பெனியில் சிஸ்டம் அட்மின் என்று பெயர், பார்ப்பது குப்பை வண்டி வேலை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வனிதாவுக்குப் புரியவைக்கப் பார்த்தேன்.

“சர்வர்ல ஆளுக்கொரு ரூம் குடுத்திருக்கோம். சப்வால்யூம்னு பேரு. சாயந்திரமானா அந்த ரூம அப்படியே நகலெடுத்துப் பூட்டி வெச்சிடும், அது ஸ்னாப்ஷாட். புதுசா உருவாக்கிக்க யார் தயவும் வேணாம். அழிக்கணும்னா மட்டும் சர்வரோட முழு அதிகாரம், ரூட்டு, வேணும். ரூட்டுன்னா நான்தான்.”

“வீடு கட்ட யாரையும் கேக்க வேணாம், இடிக்க மட்டும் உங்களக் கூப்பிடணுமா?”

“ஆமா.”

“அப்ப நீங்க ஜேசிபி.” தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். “காலாட்டாதீங்க, மேஜை ஆடுது” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். நேற்றைய ஈரத் துணி நாற்றம் மர்பி டவுன் முழுக்க.

டீக்கடைக்குக் கிளம்பியபோது ஸ்டெல்லா பின்னாலேயே வந்தாள். தமிழ்ப் பாடங்களுக்குக் குரல் கொடுக்கிறவள். பிரேசர் டவுனிலிருந்து நடந்தே வருவாள், சளசளவென்று பேசுகிறவள். இன்று டீ ஆறுகிறவரை வாயே திறக்கவில்லை.

“முரளிண்ணா, நேத்து ரெக்கார்டிங் பூத்ல இருக்கும்போது அவரு போன் பண்ணாரு.”

“யாரு, உன் வீட்டுக்காரரா?”

“ம். சண்டை. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், கையில ஸ்கிரிப்ட் இருந்திச்சு. ரெக்கார்டிங்க நிறுத்த மறந்துட்டேண்ணா. அவரு பேசினது, நான் அழுதது, எல்லாம் உள்ள போயிடிச்சு.”

“அழிச்சிட வேண்டியதுதானே.”

“காலைலயே அழிச்சிட்டேன். ஆனா நேத்து சாயந்திரமே நகல் எடுத்திடிச்சே. அது பூட்டி இருக்கு.”

இருக்கிறதா என்று மேலே வந்து பட்டியலைப் பார்த்தேன். திங்கட்கிழமை நகலில் இருக்கிறது. வெள்ளி மாலை ஆறு மணிக்கு எல்லா நகல்களும் பாடம் பதிவு செய்யச் சொன்ன கம்பெனியின் சர்வருக்குப் போகும். போனால் போனதுதான். அங்கே தரம் பார்க்கிறவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

நான் அழித்தால்? ரூட்டாக எதை அழித்தாலும் கிரீஷுக்கு மெயில் போகும். முன்பிருந்த அட்மின் எதையோ அழித்து வம்பானதிலிருந்து இந்த ஏற்பாடு. டிக்கெட் எண் இல்லாமல் முடியாது, டிக்கெட்டில் காரணம் இல்லாமல் முடியாது, டிக்கெட்டை மாடி முழுக்கப் படிக்கலாம். ஃபைலை மட்டும் உருவலாம் என்றால், நகலில் எதையாவது மாற்றினாலே ராத்திரிச் சரிபார்ப்பு கூப்பாடு போடும். நகலையே முழுசாக அழித்தால் ஒன்றும் கேட்காது, தினமும் பழசு போய்க்கொண்டுதான் இருக்கிறது.

“காரணம்னு என்னண்ணா எழுதறது? புருஷன் திட்டினான்னு எழுதட்டா?” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

நாள் பூரா உட்கார முடியவில்லை. பால்கனி, டீ, மறுபடி பால்கனி. நகத்தைக் கடித்து விரல் எரிகிறது. அவள் ரூமில் அவள் போட்டது, அவளுக்கு அழிக்க உரிமை இல்லை. எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, எனக்கு உரிமை இருக்கிறது. எரிச்சலாக வருகிறது.

ஜூலை 9, புதன்

மறுபடி தூறல். கேஸ் தீர்ந்தது. உப்புமாவும் இல்லாமல் ஆபீஸ்.

வழி இருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லை. சர்வரில் டிஸ்க்கை இணைக்கும் கட்டளையில் ஒரு வார்த்தை சேர்த்தால், அவரவர் சப்வால்யூமை அவரவரே அழித்துக்கொள்ளலாம். ரூட் வேண்டாம், மெயில் கிடையாது, டிக்கெட் கிடையாது. அடுத்தவருடையதைத் தொட முடியாது. வருஷக்கணக்காக இருக்கிற வசதி, நாம்தான் அணைத்து வைத்திருக்கிறோம்.

கிரீஷிடம் போனேன். ஸ்டெல்லா பேச்சையே எடுக்கவில்லை. டிஸ்க் நிரம்புகிறது, டிக்கெட் குவிகிறது என்று மட்டும்.

“யாக்கப்பா முரளி, ஏன் மாத்தணும், நல்லாத்தானே போய்ட்டிருக்கு?”

“எனக்கு நல்லா போகல சார். ஒரு நாள் லீவு போட முடியல.”

“ஜனங்க கண்டதையும் அழிச்சிடுவாங்க.”

“அவங்களோடத மட்டும்தான் சார் அழிக்க முடியும்.”

“அவங்களோடதுன்னு எதுவும் இல்ல, எல்லாம் கம்பெனியோடது.” பிறகு அவருடைய திரையைப் பார்த்தார். இன்று காலை மட்டும் நான் அழித்தவற்றின் மெயில்கள் அடுக்கடுக்காக. அதைப் பார்த்துத்தான் மனம் மாறினார் என்று நினைக்கிறேன். “ஆயித்து, சரி. திங்கக்கிழமை வரைக்கும் வெச்சு நோடோணா, பாப்போம். ஏதாவது ஆச்சுன்னா உன் தலைதான்.”

சாயந்திரமே சேர்த்துவிட்டேன். பூட்டைத் திறந்து அழிக்கிற மாதிரி சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். வீட்டுக்கு வரும் வழியில் அல்சூரில் டிராஃபிக். இறங்கி நடந்தே வந்தேன், பஸ்ஸுக்குள் சும்மா நிற்க முடியவில்லை.

ஜூலை 10, வியாழன்

நல்ல மழை. கேஸ் வந்தது.

ஸ்டெல்லா காலையிலேயே அழித்திருப்பாள் என்று நினைத்தேன். பகலில் அவளுக்குப் பதிவு இருந்ததாம், நாலு மணிக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் அந்த நேரம் கீழே பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து போன்.

“அண்ணா, கொஞ்சம் வாங்க. சீக்கிரம்.”

போனால் முகம் வெளுத்து நிற்கிறாள். திங்கள் நகலை அழித்தாள். பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஆனால் மேலே அவள் கணக்கில் எவ்வளவு இடம் என்று காட்டுகிற எண் அசையவே இல்லை. அப்படியானால் அது இன்னும் எங்கேயோ உள்ளே இருக்கிறது என்று செவ்வாய் நகலையும் அழித்தாள். எண் அப்படியே. புதனையும். அப்படியே. கடைசியில் இன்றைக்கு வேலை செய்துகொண்டிருந்த ரூமையே அழித்துவிட்டாள்.

“பேரு போச்சு, இடம் குறையலையேண்ணா. இடம் குறையலன்னா அது போகலன்னுதானே அர்த்தம்?”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் சொன்னது சரி. பெயர்தான் உடனே போகும். உள்ளே இருப்பதைச் சர்வர் பிறகு, தன் பாட்டுக்கு, பின்னணியில் மெதுவாகத் துடைக்கும். அதுவரைக்கும் இருக்கத்தான் செய்கிறது. ஸ்கிரிப்ட்டோடு அனுப்பிய மெயிலில் அதை நான் ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். எழுதவில்லை, எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு.

போன வெள்ளி வரையான பாடங்கள் பத்திரம், வெளியே போயிருக்கின்றன. இந்த வாரம் படித்த அத்தனையும் போச்சு.

“இப்பவே சர்வர நிறுத்தினா துடைக்கிறதும் நின்னுடும். மிச்சத்த மீட்டுடலாம்.” நிறுத்தக் கிளம்பிவிட்டேன்.

“எல்லாம் வருமா?”

“பாதி வரும். பேர் இல்லாம வரும். எது எதுன்னு ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டுத்தான் பாக்கணும்.”

“யாரு கேப்பாங்க?”

சர்வரை நிறுத்தினால் மாடியே எழுந்து வரும். மீட்டதைக் கேட்க கிரீஷ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார். அவளுக்கும் தெரியும், சும்மா கேட்டாள்.

“வேணாம்ணா, நிறுத்தாதீங்க.”

“இந்த வாரம் பூரா படிச்சிருக்கே, ஸ்டெல்லா.”

“திருப்பிப் படிச்சுக்கறேன். தொண்டைதானே.”

அட்மின் புத்தி, ஒரு ஃபைல் அழிகிறதென்றால் கை தானாகப் போகும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எண் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி இறங்கும். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் இருக்கா?” “கொஞ்சம்.” “இப்ப?” “இன்னும் கொஞ்சம்.” யாரோ வந்து ஸ்டேப்ளர் கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பூஜ்யம். அவள் தண்ணீர் குடித்தாள்.

வீட்டில் வனிதா கேட்டாள், “என்ன, இன்னிக்கும் ஜேசிபியா?” இல்லை, இன்று வேடிக்கை பார்த்தேன் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

பத்து மணிக்கு கிரீஷின் கேபின். தகவல் எப்படியோ போய்விட்டது. ஸ்டெல்லாவும் நின்றுகொண்டிருந்தாள்.

“நான் சொன்னேனா இல்லியா?” என்று என்னைப் பார்த்து.

“என்னோடத நான்தான் சார் அழிச்சேன். இன்னிக்கே உக்காந்து படிச்சுக் குடுத்துடறேன்” என்றாள் ஸ்டெல்லா. ஏன் அழித்தாய் என்று கேட்டார். வேண்டாததை அழிக்கப்போய் வேண்டியதும் போய்விட்டது என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை அவரால்.

அவள் போனபின் என்னிடம். “நிறுத்தி எடுத்திருக்கலாமே. நீ இருந்தியாமே பக்கத்துல?”

“அவங்க வேணாம்னாங்க சார்.”

“அவங்க சொன்னா? அட்மின் நீயா அவங்களா? நீ சேத்த அந்த வார்த்தைய எடு. இன்னிக்கே எடு.”

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “எடுக்கறேன் சார். ஆனா இனிமே அழிக்கிற டிக்கெட் உங்களுக்கே வரட்டும். காரணத்த நீங்களே படிங்க, நீங்களே அழிங்க. எனக்கு மத்தவங்க ரூமுக்குள்ள போய்ப் போய் வெறுத்துப்போச்சு.”

இவ்வளவு சத்தமாக அவரிடம் பேசியதே கிடையாது. வெளியே கீபோர்டுச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. கிரீஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூக்கு மேலே ஏற்றினார். “ஹோகு. போய் வேலையப் பாரு.” எடு என்று மறுபடி சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. மெயில் ஒன்று போட்டேன்: அழித்தபின் இடம் குறையக் கொஞ்ச நேரம் ஆகும், பொறுக்கவும்.

பகல் முழுக்க பூத்தில் சிவப்பு விளக்கு. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோதும் எரிந்தது. மிளகு போட்ட பால் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். கண்ணாடி வழியாகத் தலையாட்டினாள், படிப்பதை நிறுத்தவில்லை.

ஆறு மணிக்கு நகல்கள் கிளம்பின. நின்றே பார்த்தேன். ஸ்டெல்லா பெயரில் இன்றைய நகல் ஒன்று மட்டும். பாடங்கள், வேறொன்றும் இல்லை.

பையை மாட்டிக்கொண்டு வந்தவள் என் மேஜை அருகில் நின்றாள். குரல் கட்டிப்போய், பாதிக் காற்றுதான் வருகிறது.

“அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க அதப் போட்டுக் கேட்டீங்களா?”

“சத்தியமா இல்ல. இருக்கான்னு லிஸ்ட்ல பாத்தேன், அவ்ளோதான்.”

“லிஸ்ட்ல என்ன தெரியும்?”

“பேரு. சைஸு.”

நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். “மத்ததெல்லாம் குட்டிக் குட்டியா இருந்திச்சு, அது மட்டும் பெருசா இருந்திச்சு, அத வெச்சுத்தான் எதுன்னு தெரிஞ்சிது” என்றேன், ஏதோ சமாதானம் சொல்கிற மாதிரி.

அவள் என்னையே பார்த்தாள்.

“அப்ப நான் எவ்ளோ நேரம் திட்டு வாங்கினேன்னு உங்களுக்குத் தெரியும்.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வரேண்ணா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஃபைல் போய்விட்டது, எண்ணும் பூஜ்யம். அந்த சைஸ் மட்டும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது.