விடுவிக்க வந்தவள்

ஆகஸ்ட் 19

அன்புள்ள லெவ்கே,

இங்கு நலம். நீயும் உன் பறவைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். போன வியாழக்கிழமைப் படகில் உன் கடிதம் வரவில்லை. படகுக்காரர் நிஸ்ஸனைக் கேட்டால், "அவ மணல்ல குப்புறப் படுத்துக்கிட்டு உள்ளான் குருவிய எண்ணிட்டு இருந்தா. கைய மட்டும் ஆட்டினா" என்கிறார். குருவிக்கு நேரமிருக்கிறது, அக்காவுக்கு நாலு வரி எழுத நேரமில்லை. இருக்கட்டும்.

பொட்டலத்தில் பிளம்ஸ் கேக்கும் கம்பளிக் காலுறையும் இருக்கின்றன. அடியில் பித்தளைக்குப் போடும் மெருகுப் பசை, ஒரு பழைய துணி. பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். இருபத்தேழாம் தேதி உனக்கு முப்பது. கல்யாணமாகாமல் முப்பதைத் தொட்டவள் நகராட்சி வாசலில் கைப்பிடி துலக்க வேண்டும், கல்யாணமாகாத ஒருவன் வந்து முத்தமிட்டு விடுவிக்கும்வரை துணியைக் கீழே வைக்கக் கூடாது. நம் ஊரில் யார் தப்பித்தார்கள்? உன் தோழிகள் நீ துலக்குவதற்காகக் கைப்பிடிகளில் பூசி அழுக்காக்கக் கடுகுச் சாந்தும் ஷூ பாலிஷும் வாங்கி வைத்து ஏமாந்துபோய் இருக்கிறார்கள். அம்மா விடுவதாக இல்லை. "தீவுக்கு ஓடிட்டா சும்மா விட்ருவோமா? அவ குடிசைக்கும் ஒரு கதவு இருக்குல்ல?" என்றாள். துலக்கிவிட்டுப் படம் எடுத்து அனுப்பு. நான் இருபத்தொன்பதிலேயே கல்யாணம் செய்து தப்பித்தேன். அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு கணவனைத் துலக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன் மோமே, நீங்கள் இருவரும் குடியேறப் பார்த்து வைத்த, பேக்கரிக்கு மேலே இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டான். "என்ன நிறம்னு நீங்களே கேளுங்கக்கா. நான் கேட்டா பேச்ச மாத்துறா" என்கிறான். பாவம், நல்ல பையன்.

அம்மாவின் இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது, குனிய முடியவில்லை. தினமும் விடிந்ததும் ஓடிப்போய் டாக்டர் போடச் சொன்ன அந்த இறுக்கக் காலுறையை அவள் காலில் இழுத்து மாட்டிவிட்டு, அப்புறம் மருந்துக் கடைக்கு ஓடுகிறேன். விரல் நகமெல்லாம் போச்சு. அக்டோபரில் தீவில் உன் பறவைக் கணக்கு வேலை முடிந்து வந்துவிட்டால் ஒருநாள் நீ, ஒருநாள் நான். அதை நினைத்துத்தான் நாளை ஓட்டுகிறேன்.

உன் அக்கா,
கெரின்

---

ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்கா,

கேக் தீர்ந்துவிட்டது. கம்பளிக் காலுறை காலில் இருக்கிறது. படம் உள்ளே.

நேற்றுக் கடல் வற்றியிருந்த நேரத்தில் வாசல்படியில் உட்கார்ந்து துலக்கினேன். இந்தக் குடிசைக்கு இருப்பதே ஒரு கதவு, ஒரு கைப்பிடி. எத்தனை வருட உப்புக் காற்றோ, கன்னங்கரேலென்று இருந்தது. என்னவோ பிடிவாதம் வந்து, முகம் தெரியும்வரை தேய்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, விடுவிக்க இங்கே யார் இருக்கிறார்கள்? சுற்றிலும் மணலும் ஆலாப் பறவைகளும்தான். கொஞ்ச நேரம் துணியும் கையுமாக அசடுபோல நின்றேன். பிறகு துணியைப் படியில் போட்டுவிட்டுத் தேநீர் வைக்க உள்ளே போய்விட்டேன்.

அக்கா, ஒரு விஷயம் சொன்னால் கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள், ஆனால் கடைசிவரை படி. நார்வேயின் வடகோடியில் ஒரு பறவை நிலையத்தில் எனக்கு நிரந்தர வேலை தருகிறார்கள். பருவத்துக்குப் பருவம் கெஞ்சி வாங்கும் வேலை இல்லை. செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மோமேயிடம் இன்னும் சொல்லவில்லை. அவனை எனக்குப் பிடிக்கும். அந்த மாடி வீட்டில் வாழ்வதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே நீ இருக்கிறாய். நீ சரி என்று சொல்லாமல் நான் போக மாட்டேன். போனாலும் அங்கே நிம்மதியாக இருக்க மாட்டேன்.

இன்று காலை கைப்பிடியைப் பார்த்தேன். இங்கே ஒரு ராத்திரியில் பித்தளை மங்கிவிடும். மங்கவில்லை. நேற்றைவிடப் பளபளப்பு.

உன்,
லெவ்கே

---

செப்டம்பர் 1

லெவ்கே,

'அன்புள்ள' போட இன்றைக்கு மனமில்லை.

நார்வே! நீ குழந்தைபோலக் குருவி எண்ணிவிட்டுத் திரும்பி வருவாய் என்று நான் இங்கே நாளை ஓட்டுகிறேன், நீ அங்கே மூட்டை கட்டுகிறாய். அம்மாவின் காலுறையை யாரடி மாட்டுவது? நானும் மனுஷிதானே? எனக்கும் இரண்டு பிள்ளைகள், ஒரு வேலை, தேய்ந்துபோன முதுகு. 'நீ சரி என்று சொல்லாமல் போக மாட்டேன்' என்று எழுதி, பழியையும் என் தலையில் கட்டிவிட்டாய். சரி என்று சொல்ல மாட்டேன். எழுதி வைத்துக்கொள்.

அம்மாவிடம் நார்வேயைப் பற்றிச் சொல்லவில்லை. கைப்பிடிக் கதையை மட்டும் சிரிப்பதற்காகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "யாரும் வந்து விடுவிக்கலயா? அப்ப எதுக்கு துணிய கீழ வச்சா?" என்றாள். வேடிக்கைக்குச் செய்வதுதானே என்றேன். "அத பாதில விடக் கூடாதுடி. கடைசில யாரோ ஒருத்தர் வந்தாகணும்" என்றாள்.

பதினொன்றாம் தேதி வியாழன் எனக்கு விடுமுறை. அன்றைய படகில் நானே வருகிறேன். இது கடிதத்தில் தீர்கிற சண்டை இல்லை. வந்த கையோடு உன் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்து விடுவித்துவிடுகிறேன், அம்மாவின் வாய் அடங்கட்டும். ஆண்பிள்ளைதான் தர வேண்டும் என்று எந்த நகராட்சியும் சட்டம் போடவில்லை.

கெரின்

---

செப்டம்பர் 4

அக்கா,

நிஸ்ஸன் தண்ணீர்க் கேன்களை இறக்குகிற நேரத்துக்குள் எழுதுகிறேன். வா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இங்கே ஒரு மனிதக் குரல் கேட்டால் போதும் என்றிருக்கிறது.

பனிமூட்டம் இறங்கும் பகல்களில் கதவுக்கு வெளியே துணியால் தேய்க்கும் சத்தம் வருகிறது. பித்தளையில் ஈரத்துணி கீச்சிடுமே, அதேதான். திறந்தால் யாருமில்லை. கைப்பிடி மட்டும் சூடாக இருக்கிறது. வெயிலில்லை அக்கா. கை பட்டுப் பட்டுச் சூடான மாதிரி. படியில் போட்ட துணி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் துணியை மடிக்கிறவளா, உனக்குத் தெரியாதா?

துறைமுகத்தோடு பேசும் ரேடியோவில் இதைச் சொன்னால் கடற்கரை முழுக்கக் கேட்டுச் சிரிக்கும். அதனால் சொல்லவில்லை. வியாழன் வந்துவிடு.

லெவ்கே

---

செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

நேற்று நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து மனம் லேசாக இருக்கிறது. நேரில் நன்றி சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பனிமூட்டம் அப்படிச் சூழ்ந்திருந்ததா, படகுச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. நீ தட்டவும் இல்லை. கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது, கதவு திறந்தது, உன் நீல மழைச்சட்டையில் நீ நின்றாய். பேசுவதற்கு முன்பே நெற்றியில் முத்தம் கொடுத்தாய். உதடு என்ன அப்படிச் சில்லிட்டிருந்தது! "படகுல ரொம்பக் குளிரா?" என்று கேட்டேன். சிரித்தாய்.

நாளெல்லாம் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். நீயோ என் தலைமுடியைக்கூடக் குறை சொல்லவில்லை. "நார்வேக்குப் போ லெவ்கே. அம்மாவ நான் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாய். "மோமேக்கு நீ வேணும்னா அவனே அங்க வருவான்" என்றாய். நான் அழுதுவிட்டேன். என் அக்கா வாயிலிருந்து இதைக் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? ஊற்றி வைத்த தேநீரை மட்டும் நீ தொடவே இல்லை. பேசும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவ்வளவு அழகாகவா துலக்கியிருக்கிறேன்?

தண்ணீர் ஏறும் நேரத்துப் பறவைக் கணக்கை எடுத்துவிட்டுத் திரும்பியபோது நீ இல்லை. படகைப் பிடிக்க ஓடியிருப்பாய். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நிஸ்ஸனையும் கொஞ்சம் கண்டி. தண்ணீர்க் கேன்களை இறக்காமலே போய்விட்டார்.

நார்வேக்கான சம்மதக் கடிதம் உறைக்குள் இருக்கிறது. தபாலில் சேர்த்துவிடு. இதைப் படகுத்துறைப் பெட்டியில் போட்டு வைக்கிறேன், அவர் வரும்போது எடுத்துக்கொள்ளட்டும். இப்போதெல்லாம் நடக்கக் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது. கதவருகில் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று தோன்றுகிறது.

தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை அக்கா. ஆனால் இப்போது அது வெளியிலிருந்து வருவதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. பயமாக இல்லை. நீ வந்து போனபிறகு எதற்குமே பயமில்லை.

உன் அன்புத் தங்கை,
லெவ்கே

---

செப்டம்பர் 16

என் கண்ணே லெவ்கே,

இந்தக் கடிதத்தை நிஸ்ஸன் உன் கையில் தருவார். குடிசைக்குள் வைத்துப் படிக்காதே. வெளியே, மணலில், அவர் பக்கத்தில் நின்று படி.

நான் வரவில்லை.

பத்தாம் தேதி அம்மா வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். முழங்கால்வரை மாவுக்கட்டு. பதினொன்றாம் தேதி பனிமூட்டத்தில் படகும் கிளம்பவில்லை. உன் கேன்கள் இங்கே துறைமுகத்திலேயே கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைதான் நிஸ்ஸன் அவற்றைத் தீவுக்குக் கொண்டுவந்து அங்குள்ள படகுத்துறையில் இறக்கிவிட்டு, பெட்டியிலிருந்த உன் கடிதத்தை எடுத்து வந்தார். நீ கண்ணில் படவில்லை என்றார். கடிதத்தை நேற்றுக் காலை என்னிடம் கொடுத்தார். படித்து முடித்ததும், ஊன்றுகோலோடு துறைமுகத்துக்குப் போய் ரேடியோவில் உன்னைக் கூப்பிட்டேன். "லெவ்கே, எப்படிடி இருக்க?" என்றேன். பதில் வந்தது. "இங்க எல்லாம் நல்லா இருக்கு. அவ நல்லா இருக்கா. யாரும் வர வேணாம்." அது உன் குரல் இல்லை. என் குரல். துறைமுகக் காவலர் எதிரொலி என்று நினைத்து ரேடியோப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

உன்னிடம் வந்தவள் ஒரு குறைகூடச் சொல்லவில்லை என்றபோதே உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு பகல் முழுக்க என் முதுகுவலியைப் பற்றிப் பேசாமல் நான் இருப்பேனா? கஷ்டமில்லை என்றாளாமே! எனக்குக் கஷ்டம்தான். கேட்டுக்கொள். நீ போனால் எனக்கு ரொம்பக் கஷ்டம். அழுவேன், எரிந்து விழுவேன், காலுறை மாட்ட ஆள் வைப்பதற்கு அம்மாவோடு சண்டை போடுவேன்.

ஆனால் உன் சம்மதக் கடிதத்தை இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். நேற்று ராத்திரியெல்லாம் அதை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழித்துவிடலாமா என்று இரண்டு முறை கையில் எடுத்தேன். நீ இத்தனை நாள் ஏங்கியதை, எவளோ ஒருத்தி என் வாயால் சொல்லிவிட்டாள். நான் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த இடைவெளியில் அவள் நுழைந்துவிட்டாள். இப்போது நானே சொல்கிறேன். நார்வேக்குப் போ. இது நான். கால் உடைந்த, கோபக்கார, உன் சொந்த அக்கா.

நேற்றும் பனிமூட்டம் விடவில்லை, இன்றுதான் படகு கிளம்புகிறது. மோமேயும் அதில் வருகிறான். எதையும் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பேசாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறு. துணிமணி, தொலைநோக்கி, எதற்காகவும் கதவுவரை போகாதே. பின்னாலிருந்து என் குரல் கூப்பிட்டாலும் திரும்பாதே. நான் துறைமுகத்தில், ஊன்றுகோலோடு, உன்னைத் திட்டக் காத்திருப்பேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அவள் படகைப் பிடிக்க ஓடியிருப்பாள் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். அன்றைக்குப் படகே இல்லையடி. படகில் வராதவள் படகில் போயிருக்கவும் முடியாது.

உன்,
கெரின்