நான் ‘ஆம்’ கேட்டுப் போன வீடுகள்

ஜனவரி 8

மூன்றாம் வகுப்பில் மறுபடியும் ஒழுகல். கூரையில் உறைந்து கிடந்த பனி ஹீட்டர் சூட்டில் உருகி, சரியாக உலக வரைபடத்தின்மேல் சொட்டுகிறது. பிள்ளைகள் தாங்களாகவே மேசைகளை நகர்த்திக்கொண்டார்கள். சமையற்கட்டிலிருந்து பெர்னிஸ் பெரிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள். “இன்னைக்கு மதியத்துக்குக் கூரை சூப்புதான், பிள்ளைங்களா!” சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

வாசிப்பு மணி நன்றாகப் போனது. பள்ளியில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் — சமைப்பவள், பஸ் ஓட்டுபவர், தலைமையாசிரியை என்ற பெயரில் வகுப்பும் எடுக்கிற நான் — முதல் ஒரு மணி நேரம் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வைக்கிறோம். கடைசி வரிசையில் கிடந்த பள்ளி, போன இலையுதிர்காலத் தேர்வில் பக்கத்து ஊர் கார்னெட் பள்ளியைத் தாண்டிவிட்டது. இன்று டெஸ்ஸா ரௌஷ் ஒரு பக்கம் முழுவதையும் நிற்காமல் படித்தாள். நான் பாராட்டட்டும் என்று காத்திருக்கவில்லை; அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம்.

ஜனவரி 19

ஜோலீன் சாப்பிட வந்திருந்தாள். மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஆன பிறகும் என் சமையலறையில் அவளேதான் தட்டு எடுத்துக்கொள்வாள். ஒரே வருஷத்தில் ஆசிரியைகளாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். என் கணவர் வேர்ன் இறந்த வாரம் முழுக்க என்னோடு இருந்தவள் அவள்தான். என் அண்ணன்கூட வரவில்லை.

விஷயம் இதுதான். மார்ச்சில் பள்ளிக் கட்டடக் கடனுக்கு வாக்கெடுப்பு. பத்துப் பேரில் ஆறு பேர் ‘ஆம்’ சொல்ல வேண்டும். கடனைச் சொத்து வரியிலிருந்து அடைப்பார்கள். கார்னெட்காரர்கள் சம்மதிப்பார்கள். எங்கள் வில்லோ பெண்ட், வரி என்றாலே இல்லை என்கிற ஊர்.

“நான் போய்க் கேட்டா கதவைச் சாத்துவாங்கடி. நீ கேட்டா உள்ள கூப்பிட்டு காபி குடுப்பாங்க.”

“எங்க கூரையும் ஹீட்டர் பாய்லரும் இதுல உண்டுதானே?”

“பின்ன? வேற எதுக்காக அலையறேன்னு நெனச்சே?” ஆப்பிள் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

போகிறேன் என்றேன்.

பிப்ரவரி 15

சனிக்கிழமைகளில் வீடு வீடாக. எந்த வீட்டிலும் காபியை மறுக்க முடியவில்லை, வயிறு எரிகிறது.

இன்று எம்மெட் ரௌஷ். டெஸ்ஸாவின் அப்பா. ஊரில் அதிக நிலம் அவருடையது, அதனால் அதிக வரியும். கொட்டகையில் நின்றபடியே பேசினார்.

“எந்தக் கடனா இருந்தாலும் கடைசில நிலம் வச்சிருக்கவன் தலைலதான் விழும், டீச்சர்.”

“தெரியும்.”

“கார்னெட்டுக்காரனுங்க புதுசா ஜிம் கட்டிக்கறதுக்கு நான் பணம் தரணுமா?”

“ஜிம் இல்ல. நம்ம கூரை. நம்ம பாய்லர். டெஸ்ஸா உக்கார்ற இடத்துலதான் ஒழுகுது.”

நெடுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவ நேத்து ராத்திரி எனக்குப் படிச்சுக் காட்டினா. விதை மூட்டைமேல அச்சடிச்சிருக்கறது அத்தனையும்.” பிறகு, “ஆமான்னே போடறேன். கூரைக்காக இல்ல. நீங்க வந்து கேட்டீங்க, அதுக்காக.”

வரும் வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டு வந்தேன். நான்!

மார்ச் 11

ஜெயித்துவிட்டோம். மயிரிழையில். வில்லோ பெண்ட் வாக்குகள் இல்லாமல் நடந்திருக்காது என்று வானொலியிலேயே சொன்னார்கள். ஜோலீன் போனில் அழுதாள். “உன்னாலதான் ஆர்டிஸ், உன்னாலதான்.”

ஏப்ரல் 2

இன்று வந்த ஆளைப் பற்றி எழுத வேண்டும்.

பாய்லர் அறையைப் பார்க்க வேண்டும் என்று கட்டட கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பூட்ஸைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நானே கூட்டிப்போனேன். புது பாய்லர் இந்த வாசல் வழியாக நுழையுமா என்று கேட்டேன்.

“புதுசா? எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லலையேம்மா. இடிக்கறதுக்கு முன்னாடி குழாய் மேல சுத்தியிருக்கறதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்.”

“எதை இடிக்கறதுக்கு?”

என் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். “உங்களுக்குச் சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன்.”

மதியம் வகுப்பெடுத்தேன். என்ன எடுத்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 3

ஜோலீன் அலுவலகத்துக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னாள்.

கார்னெட்டில் பெரிய கட்டடமாகக் கட்டுவார்களாம். வில்லோ பெண்ட் பள்ளியை மூடி, பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுபோவார்களாம்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“அக்டோபர்லயே.”

“ஜனவரில என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டியே.”

“ஆர்டிஸ், கேளு. பிள்ளைங்க தலைய எண்ணித்தான் மாநிலம் பணம் தருது. வருஷா வருஷம் தலை குறையுது. ரெண்டு கட்டடத்தையும் தாங்க நம்மால முடியாது. இத வெளிப்படையா சொல்லியிருந்தா உங்க ஊர்ல ஒரு ஓட்டு விழுந்திருக்குமா? அப்போ ரெண்டு பள்ளியும் போயிருக்கும்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“உன்கிட்ட சொல்லியிருந்தா நீ அவங்ககிட்ட சொல்லியிருப்பே. உனக்குப் பொய் சொல்ல வராதுடி. ஊருக்கே தெரியும். அதனாலதான் சொல்லல.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். “உங்க பிள்ளைங்க மார்க்கைக் காட்டித்தான் பள்ளி வாரியத்தையே சம்மதிக்க வச்சேன். ஆர்டிஸையும் அவ டீச்சர்களையும் இங்க கொண்டுவந்தா கார்னெட்டும் தேறும்னு சொன்னேன். பெருமைப்படு.”

நாங்கள் நன்றாகச் செய்ததற்காக மூடுகிறார்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தால் விட்டுவைத்திருப்பார்களோ? சீ. என்ன நினைப்பு இது.

ஏப்ரல் 4

நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதால் என்னை அனுப்பியிருக்கிறாள். என் நாக்கை எடுத்து அவள் வாயில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள்.

ஏப்ரல் 14

கார்னெட் பள்ளி விளையாட்டுக்கூடத்தில் வாரியக் கூட்டம். நாற்காலி போதாமல் எங்கள் ஊர்க்காரர்கள் சுவரோரம் நின்றார்கள், பலர் வயலிலிருந்து நேராக வந்த உடையில். நான் எழுந்து, எங்கள் கூரைக்கும் பாய்லருக்கும் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டேன், அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டது என்றேன்.

வாரியத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். “வாக்குச்சீட்டுல ‘மாவட்டப் பள்ளிக் கட்டடங்கள்’னுதான் இருந்துச்சு, மேடம். எந்த ஊர்னு போடலையே. உங்களுக்குத் தனியா யாரு என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஜோலீனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தண்ணீர் குடித்தாள்.

பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள், “ஆர்டிஸ் சொன்னாங்களே! எங்களுக்கு ஆர்டிஸ்தானே சொன்னாங்க!” என் பக்கம் நின்று கத்தியதுதான். ஆனாலும் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மூட முடிவாயிற்று. வாரியத்தில் எதிர்த்துக் கை தூக்கியவர் ஒரே ஒருவர்.

ஏப்ரல் 26

‘ஆம்’ கேட்டுப் போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போகிறேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்ல முடியாது. அவர்கள் என் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும் என்றுதான்.

ஒரு வீட்டில் கட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. தபால் நிலையத்து வால்ட் கேட்டார்: “கார்னெட்டுல உனக்குப் பெரிய நாற்காலி ரெடியாமே?” தபாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

எம்மெட் விதைப்பு எந்திரத்தின் அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை, நீட்டிக்கொண்டிருந்த அவர் பூட்ஸைப் பார்த்துத்தான் பேசினேன்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது.”

“உங்கள நம்பறேன்.” ஸ்பேனர் சத்தம். “ஆனா கோவம் போகல, டீச்சர். வாரியத்துக்காரங்க வந்து கேட்டிருந்தா நாயை அவுத்து விட்டிருப்பேன். உங்களுக்கு எப்படி நான் அதைச் செய்யறது?”

அதன்பிறகு இன்னொரு நாள் தார் ரோட்டில் அவர் வண்டி எதிரே வந்தது. இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவனுக்கும் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரல் தூக்குவார்கள். அவர் தூக்கவில்லை.

மே 9

ஜோலீன் பள்ளிக்கே வந்தாள். புதுப் பள்ளிக்கு நான்தான் தலைமையாசிரியை, சம்பளமும் அதிகம் என்றாள். “உனக்கு நான் செய்ய வேண்டியது இது.”

“கூட்டத்துல நீ வாயைத் திறந்திருக்கணும். நீ செய்ய வேண்டியது அதுதான்.”

“என் வேலை போயிருக்கும்.”

“ஆமா. போயிருக்கும்.”

அவள் சொன்ன கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். ஒரு கட்டடத்துக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் ஒன்றுதான். அதை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். கோபப்பட்டிருப்போம், கத்தியிருப்போம், ஒருவேளை கடைசியில் நாங்களே ஒத்துக்கொண்டும் இருப்போம். அந்த வாய்ப்பைக்கூட எங்களுக்குக் கொடுக்கவில்லையே?

நாற்காலி வேண்டாம் என்றேன். வேலையையே விட்டுவிடப் போகிறேன் என்று சமையற்கட்டில் சொன்னபோது பெர்னிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். “விடு. நல்லா விடு. அந்த ஜோலீனுக்கு ரெண்டு நாள் தூக்கம் கெடும். அதுக்கப்புறம்? அம்மாம் பெரிய கட்டடத்துல நம்ம பிள்ளைங்க யார் மூஞ்சியத் தேடும்?”

மூன்றாம் வகுப்பு மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஜோலீனுக்கு எழுதிப் போட்டேன்.

ஜூன் 10

வாரியத் தேர்தலில் எம்மெட் ரௌஷ் ஜெயித்திருக்கிறார்! நின்றதையே என்னிடம் சொல்லவில்லை. பழைய தலைவரைத்தான் தோற்கடித்திருக்கிறார். கார்னெட்டிலும் பலர் எம்மெட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். தங்களுக்குக் கட்டடம் கிடைத்தாலும், கிடைத்த விதம் பிடிக்காதவர்கள் அங்கேயும் உண்டு போல.

ஜூலை 15

மூடியதைத் திறக்க எம்மெட் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. அடுத்ததாக, வாசிப்பு மணி கார்னெட்டிலும் எல்லா வகுப்புக்கும் வேண்டும், பெர்னிஸும் பஸ் ஓட்டுநரும் அதிலிருந்து விலக்கப்படக் கூடாது என்றார். அது நிறைவேறியது. ஜோலீனும் ஆதரித்துப் பேசினாளாம்.

ஆகஸ்ட் 26

முதல் நாள். புதுக் கட்டடம் எழும்பும்வரை கார்னெட்டின் பழைய பள்ளியில்தான் எல்லோரும். எங்கள் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கினார்கள். பெர்னிஸ் ஒரு கார்னெட் பையனை மடக்கி உட்கார வைத்து, “படி, இல்லேன்னா பான்கேக் கிடையாது,” என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே படித்தான்.

வாசிப்பு மணி முடிந்ததும் ஜோலீன் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் காபி. ஒன்றில் க்ரீம் அதிகம், எனக்குப் பிடித்த மாதிரி.

“நல்லா போச்சா ஆர்டிஸ்?”

“நல்லா போச்சு, மிஸஸ் ப்ரெக்கே. நீங்க வந்ததுக்கு ரொம்ப நன்றி.”

மற்றவர்கள் அவளைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போனாள். நான் பிள்ளைகளைக் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.