சிந்தாமணி இருந்த பத்தியம்

ரஞ்சன்குடி
12-8-87

மகன் அண்ணாதுரைக்கு அப்பா ராசாங்கம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே டெல்லியில் மருமகள் அமிர்தவல்லியும் பேத்தி சிந்தாமணியும் எப்படி இருக்கிறார்கள் என்று உடனே தெரிவிக்கவும். உன்னைப் பற்றி எழுத வேண்டாம், போன கடுதாசியிலேயே நிறையத் தெரிந்துகொண்டேன். மழை ஏமாற்றிவிட்டது, பருத்தி முளைத்ததோடு நிற்கிறது. உன் தங்கை செங்கமலத்துக்கு இது ஏழாம் மாதம், அண்ணன் வருமா என்று கேட்டாள்.

சிந்தாமணிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை இரண்டில் ஒன்று கோதுமை ஆகாது என்கிறது, இன்னொன்று ஒன்றுமில்லை என்கிறது, ஆகையால் வியாதியே இல்லை என்று நீயே தீர்ப்புச் சொல்லிப் பிள்ளைக்கு மறுபடி சப்பாத்தி போட ஆரம்பித்துவிட்டாயாம். நீ என்ன டாக்டருக்கா படித்தாய்? மறுபடியும் வயிற்றால் போகிறது, வயிறு உப்பிக் கைகால் குச்சியாகிவிட்டது என்று அதே கடுதாசியின் அடியில் அமிர்தவல்லி இரண்டு வரி எழுதியிருக்கிறாள். உன் கையெழுத்துக்குக் கீழேதான் இருக்கிறது, நீ படிக்கவில்லையா? வைத்தியம் என்றாலே பத்தியம் என்பது நம் வீட்டுப் பழக்கம். டாக்டர் கோதுமையைச் சந்தேகப்பட்ட அன்றே அவள் சப்பாத்தியை நிறுத்தி, ரத்தம் எடுக்கும்வரை மாதக்கணக்கில் அரிசிக் கஞ்சியும் மோருமாகக் கொடுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், உன் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் பிள்ளை வழக்கம்போலக் கோதுமை சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டபோது, தினமும் சப்பாத்திதான் சார் என்றாயே, அதற்கு என்ன பெயர்? கஞ்சி, பத்தியம் என்றால் பட்டிக்காட்டான் என்று நினைப்பாராம். அதையும் ஏதோ சாமர்த்தியம் போல எழுதியிருக்கிறாய். ஊரான் வயலில் கூலிக்கு நின்று, அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் உன்னைப் படிக்க வைத்தோம்.

கடுதாசியைப் பெரம்பலூரில் டாக்டர் அய்யம்பெருமாளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ரொம்ப நாள் கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தம் எடுத்தால் இருக்கிற நோயும் இல்லாதது போலக் காட்டுமாம், ஒன்றுமில்லை என்று வந்ததை நம்பக்கூடாதாம். அதற்காக ஆகாது என்று வந்த மற்றதை மட்டும் வைத்து நோய்தான் என்று முடிவு கட்டவும் முடியாதாம், வேறு காரணத்தாலும் அப்படி வருமாம். வாய்வழியே குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், அதுவரை கோதுமையைக் கொடுப்பதும் நிறுத்துவதும் டெல்லி டாக்டர் சொல்கிறபடிதான், ஆனால் அவரிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். “புள்ளய விடவா இவனுக்குக் கவுரவம் பெருசாப் போச்சி” என்று கேட்டுவிட்டு உன் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்கு உன்மேல் இருக்கிற ஆத்திரத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளையடா.

கடிதம் கண்ட மறுநாளே லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போ. அமிர்தவல்லியையும் கூட்டிப்போ, அவள் பொய் சொல்லமாட்டாள். சொல்லியாயிற்று என்று அவள் கையெழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் நானே ரயில் ஏறி வந்து, இந்த வேட்டியோடும் இந்தப் பேச்சோடும் அந்த டாக்டர் முன்னால் நின்று, நான் இவனுடைய அப்பன், இவன் உங்களிடம் சொன்னது பொய் என்று சொல்வேன். எதற்குக் கூச்சப்படுவது என்று அப்போது உனக்குத் தெரியும். மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். உனக்கு ஆசீர்வாதம் எழுத இன்று கை வரவில்லை.

இப்படிக்கு,
ராசாங்கம்