காய்ந்த செடிக்கு ஊற்றிய தண்ணீர்

என் மகளின் அம்மாவுக்கு,

எழுதப் பழகி மூன்று மாதம்தான். கோழி கிளறியது போலிருந்தால் பொறுத்துக்கொள். நலம்தானே?

நான் காவல் பார்க்கும் இந்த ஆராய்ச்சித் தோட்டத்தில் ஒரு செடி சருகாய்ச் சுருண்டு கிடந்தது. மனசு கேட்காமல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் பச்சைப்பசேல்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மேலாளர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, அது சாகலை! காய்ஞ்சு கிடந்தாலும் தண்ணி பட்டா துளிர்க்கிற ஜாதி. எத்தனை நாள் தாங்கும்னு பார்க்க ஆறு மாசமா காய வெச்சோம். எல்லாம் போச்சே!"

"ஊத்தினதைத் திருப்பி எடுக்க முடியுமாம்மா?" என்றேன்.

முதலிலிருந்து காய வைக்கிறார்கள். முடியும்வரை காவலுக்கு நான்தான்; விடுப்புக் கிடையாது. உன் கண் ஆபரேஷனுக்கு வர முடியாது. மகளைத் துணைக்கு வைத்துக்கொள். கட்டு அவிழ்த்ததும் யாரை முதலில் பார்த்தாய் என்று அவளை எழுதச் சொல். நான் அடுத்த வாரமும் எழுதுவேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்?

உன் வீட்டுக்காரன்