என் மகளின் இரத்தத்தை நோயென்று எழுதிய பதிவைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
பா. செல்வதுரை, பி.எஸ்ஸி. (விவசாயம்),
விதை ஆய்வாளர்,
கோயில் தெரு, பந்தல்குடி,
அருப்புக்கோட்டை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: சுகாதாரப் பதிவேட்டில் என் குடும்பத்தைப் பற்றிய தவறான பதிவை நீக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 14.8.1993: பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று, காசநோய் கண்ட இருபத்து மூன்று குடும்பங்களில் இரத்தம் எடுத்தது. என் மனைவி தெரசாள் அதற்கு முந்தைய ஆண்டே மருந்தை முடித்துக் குணமானவர். நோயே காணாத என் மகள் ஜெப ஷீலாவும் ஒப்பீட்டுக்காகக் கை நீட்டினாள். விவரம் வெளியே போகாது என்று உறுதி தரப்பட்டது.

2. 20.4.1995: முடிவின் நகல் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தது. நோய் எதிர்ப்பு மரபணுக்களில் ஒரு வகை தாய்க்கும் மகளுக்கும் ஒன்றாக இருப்பதாக அதில் கண்டிருந்தது. சுகாதார ஆய்வாளர் திரு. உக்கிரபாண்டி எங்கள் குடும்ப எண்ணுக்கு நேரே ‘பரம்பரைக் காசநோய்’ என்று சிவப்பு மையில் எழுதினார்.

3. 7.5.1995: எங்கள் திருச்சபையில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பது வழக்கம். தடை அறிந்தவர் எழுந்து சொல்லலாம். ஜெப ஷீலாவின் இரண்டாம் ஓலைக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா கிறிஸ்டோபர் எழுந்தார். “அந்த வீட்டு ரத்தத்துலயே டி.பி. ஓடுதாம் ஐயரே. இன்ஸ்பெக்டரு நோட்டைத் தொறந்தே காட்டுனாரு” என்று போதகரிடம் சொன்னார்.

4. 14.5.1995: மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. என் மகள் ஆராதனை முடியும்வரை முன் வரிசையிலேயே அமர்ந்திருந்தாள்.

மறுநாள் மதுரை சென்று, ஆய்வை நடத்திய டாக்டரிடமிருந்து கடிதம் பெற்றேன். நகல் இணைத்துள்ளேன். அந்த மரபணு வகை காசநோயாளிகளிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. நோயே அண்டாத பல்லாயிரம் பேரிடமும் அது உண்டு. நோயைத் தருவது கிருமி மட்டுமே. இதைக் கொண்டு தனி ஒருவரின் உடல்நலத்தைக் கணிக்க இயலாது என்று அதில் தெளிவாக உள்ளது.

நானும் ஓர் ஆய்வாளரே. வாடல் நோயை எளிதில் வாங்கும் பருத்தி ரகம் வேறு, வாடிய செடி வேறு. நல்ல விதை மூட்டையில் ‘நோய்’ என்று நான் முத்திரை குத்தியிருந்தால் அன்றே பணிநீக்கம் ஆகியிருப்பேன்.

கடிதம் மல்லாங்கிணற்றில் மாப்பிள்ளை வீட்டாரிடம் வாசிக்கப்பட்டது. மாப்பிள்ளை பிரின்ஸ், “ஒங்களுக்குச் சீனி வியாதி இருக்கு பெரியப்பா. அதுக்காக எனக்குப் பொண்ணு தராம விட்டாகளா?” என்று கேட்டார். கிறிஸ்டோபர் சிரித்துவிட்டார். 21.5.1995 அன்று மூன்றாம் ஓலையும் 29.5.1995 அன்று திருமணமும் நிறைவேறின. கடந்த இரண்டு வாரங்களாக என் வீட்டில் எல்லோரும் உறங்குகிறோம்.

இனி எழுதுவானேன் எனத் தாங்கள் கேட்கலாம். பதிவு இன்னும் அப்படியே உள்ளது. மூன்று வாரமாக இருமும் என் பக்கத்து வீட்டு சோணைமுத்து சளிப் பரிசோதனைக்கு மறுத்தார். “சளியக் குடுத்தா செவப்பு மையில ஏத்திருவாக சார்வாள். எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக” என்றார். நானே பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். கிருமி இல்லை, பீடிதான். ஆனால் அடுத்து இருமுபவரை அழைத்துச் செல்ல ஆள் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அவர் ஒளிந்துகொண்டால் ஒரு தெருவுக்கே நோய் பரவும்.

ஆகவே, அப்பதிவை நீக்கவும், ஏனைய இருபத்திரண்டு குடும்பங்களுக்கு எதிரேயும் அவ்வாறு எழுதப்பட்டுள்ளதா எனத் தணிக்கை செய்யவும், பதிவேட்டை வெளியாருக்குக் காட்டிய திரு. உக்கிரபாண்டி மீது துறை விசாரணை நடத்தவும் கோருகிறேன்.

இது கோபத்தில் எழுதிய மனு அன்று. கோபத்தில் எழுதியது மே 14-ஆம் தேதியிட்டது, அதைக் கிழித்துவிட்டேன்.

எடுத்த நடவடிக்கை 10.7.1995-க்குள் தங்கள் கையொப்பத்துடன் எழுத்து வடிவில் எனக்குக் கிடைக்க வேண்டும். சமாதானம் பேச யாரையும் அனுப்ப வேண்டாம். வருபவருக்குக் காபி தருவோம். அவர் சொல்வதைப் பதிலாக ஏற்கமாட்டோம்.

பந்தல்குடி,
12.6.1995.

தங்கள் எழுத்தை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) பா. செல்வதுரை